வந்த அளவை எழுதவிடுங்கள்

(திருவாமாத்தூரில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளியில் அறிவியலைக் கையால் செய்து கற்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அது தேவையா என்று வாதாட எனக்கு இங்கே வேலையில்லை. தேவை என்று அரசு சொல்கிறது, பாடநூலின் முன்னுரை சொல்கிறது, ஆண்டுவிழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் ஒவ்வொருவரும் சொல்கிறார். எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு காரியம் வகுப்பறைக்குள் மட்டும் ஏன் நடக்கமாட்டேன் என்கிறது? அதைத்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

2024 நவம்பர் கடைசி நாளை இந்த விழுப்புரம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்துவிட்டு, மேலே நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. டிசம்பர் 1 காலை வரையான ஒரே நாளில் மயிலத்தில் 51 செ.மீ. மழை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த பிள்ளைக்கு அந்த 51 என்ற எண் என்ன சொன்னது? மழையைத் தண்ணீர் போல லிட்டரில் சொல்லாமல், துணி போலச் சென்டிமீட்டரில் ஏன் சொல்கிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தால், நம்மில் எத்தனை பேர் தடுமாறாமல் பதில் சொல்லியிருப்போம்?

அந்தப் பதிலைப் பிள்ளையே கண்டுபிடிக்க ஒரு மழைமானி போதும்; அதைச் செய்யப் பணம் வேண்டாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் போதும். கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் போல உள்ளே செருக வேண்டும். பாட்டிலின் அடி மேடு பள்ளமாக இருக்கும்; அங்கே கொஞ்சம் கூழாங்கல் போட்டு, மட்டமாகும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தைப் பூச்சியம் என்று குறிக்க வேண்டும். அதிலிருந்து மேலே ஒரு ஸ்கேலை ஒட்டினால் வேலை முடிந்தது. சுவரும் மரமும் மறைக்காத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்குப் பார்த்து எழுத வேண்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் பார்க்கிறது.

இதைச் செய்யச் சொன்ன எந்த வகுப்பிலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், என் பாட்டில் ஒல்லி, அவன் பாட்டில் குண்டு. அவனுடையதில் நிறையத் தண்ணீர் விழுமே, அப்போ அவன் வீட்டில்தான் அதிக மழையா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள் என்று ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஒல்லியையும் குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கட்டும். மழை இல்லாவிட்டால் பூவாளியால் மேலிருந்து சீராகத் தெளிக்கட்டும். குண்டில் தண்ணீரின் அளவு அதிகம், ஆனால் இரண்டிலும் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைப் பிள்ளையின் கண்ணே பார்க்கும். வாய் அகலமானால் பிடிக்கும் தண்ணீரும் கூடுகிறது, அது பரவும் இடமும் கூடுகிறது. பரப்பு, கொள்ளளவு, உயரம் என்று மூன்று பாடங்களில் சிதறிக்கிடந்தது அந்த நிமிடத்தில் ஒன்றாகச் சேரும். அதற்குப் பிறகு 51 செ.மீ. என்பதன் பொருளைப் பிள்ளையே கணக்குப் போடும். ஒரு ஏக்கரில் 20 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியாக எண்ணினால் சுமார் 170 லாரி.

ஆனால் நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கட்டம். ஒரு நாள் காலை ஒரு பாட்டில் 23 மில்லிமீட்டர் காட்டுகிறது, இன்னொன்று 26 காட்டுகிறது. பிள்ளைகள் ஓடி வந்து, "சார், எது கரெக்ட்?" என்று கேட்கிறார்கள். கைவழிக் கல்வி பிழைப்பதும் சாவதும் அந்த இடத்தில்தான். அவசரத்தில் இருக்கும் ஆசிரியர், "நடுவில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார். அதோடு பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடும்: கையில் வந்த எண்ணுக்கு மதிப்பில்லை, சாரின் வாயில் வரும் எண்ணே எண். ஒரு பாட்டில் சாய்ந்திருந்ததா, காற்று எந்தப் பக்கம் அடித்தது, கீழேயிருந்து தெறித்து உள்ளே விழுந்ததா என்று போய்ப் பார்க்க வேண்டிய கால்கள் அங்கேயே நின்றுவிடும்.

மேல்நிலைப் பள்ளியில் இது எங்கே போய் முடிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஆகவே ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்கிறேன். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, 20 அலைவுக்கு எத்தனை நொடி என்று பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். விடை நொடிக்கு நொடி 980 செ.மீ. என்று சோதனைக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். நூலின் நீளம் 1 மீட்டர் என்றால் 20 அலைவுக்கு 40 நொடி ஆகும். ஒரு மாணவிக்கு 38.1 நொடிதான் வருகிறது. கணக்குப் போட்டால் 1088. பக்கத்து மேசையைப் பார்க்கிறாள், ஆசிரியரைப் பார்க்கிறாள், 38.1-ஐ அழித்துவிட்டு 40.1 என்று எழுதுகிறாள். அவளைவிடத் தேர்ந்தவர்கள் 980-இலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் எழுதுவார்கள். ரெக்கார்டு நோட்டில் படம் அழகாக இருக்கும், கட்டம் கோணாமல் இருக்கும், விடை 979.6 என்று இருக்கும். ஆசிரியர் கையெழுத்துப் போடுவார்.

அந்த 38.1 எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டிருக்க வேண்டும். குண்டை விட்ட அதே கணத்தில் அந்தப் பெண் 'ஒன்று' என்று எண்ணத் தொடங்கியிருக்கிறாள். அப்படி எண்ணினால் 'இருபது' என்னும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். விடும்போது 'பூச்சியம்' என்று தொடங்க வேண்டும். எண்ணத் தெரிந்த நாள் முதலாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு பெண், எண்ணுவதற்கும் அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தன் கையாலேயே கண்டுபிடிக்கக்கூடிய இடம் அது. 1088 என்ற எண் அவளை அந்த வாசல்வரை கொண்டுவந்து விட்டது. நாம் அந்த எண்ணை அழிக்க வைத்தோம். அந்தச் சோதனைச் சாலையில் அன்று வந்த விடைகளிலேயே மிகவும் மதிப்புள்ளது அந்த 1088-தான் என்று நான் மனதார நம்புகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 100-க்கு 25 மதிப்பெண் செய்முறைக்கு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் செய்முறைக்கு 20. மதிப்பெண் ஒதுக்காத குறை இல்லை. எதற்கு மதிப்பெண் தருகிறோம் என்பதில்தான் குறை. புத்தகத்தோடு பொருந்திய விடைக்கு மதிப்பெண் என்று ஆகிவிட்ட பிறகு, பிள்ளைகளை எப்படிக் குறை சொல்வது?

இதை வேறு விதமாகச் செய்து பார்த்த இடம் நம் நாட்டிலேயே உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஆற்றங்கரையில் ஹோஷங்காபாத், இன்றைய நர்மதாபுரம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த அனில் சத்கோபால் என்ற அறிவியலாளர், அந்த வேலையை விட்டுவிட்டு அங்கே 'கிஷோர் பாரதி' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதுவும் ரசூலியா என்ற ஊரில் இருந்த நண்பர்கள் ஊரக மையமும் சேர்ந்து 1972-இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கோடை விடுமுறையில் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து சோதனை செய்தார்கள். 1978-இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் பிறந்த 'ஏகலவ்யா' நிறுவனம் பிறகு அதை ஏற்று நடத்தியது.

அங்கே நடந்தது இதுதான்: நான்கு பிள்ளைகள் ஒரு குழு. குழுவுக்குத் தேவையான பொருள் கையில். 'பால வைக்ஞானிக்' என்ற பாடநூலில் விடைகள் அச்சாகவில்லை. செய்முறையும் கேள்வியும்தான் இருந்தன. சோதனை முடிந்ததும் எல்லாக் குழுக்களின் அளவுகளும் கரும்பலகைக்கு வரும். ஏன் வேறுபடுகின்றன என்று வகுப்பு முழுவதும் பேசும். தேர்வுக்குப் புத்தகத்தை எடுத்துச் செல்லலாம். செய்முறைக்கும் தேர்வு உண்டு. பிள்ளைகள் சந்தேகம் எழுதிக் கேட்பதற்காக 'சவாலிராம்' என்று ஒரு கற்பனைப் பெயரை வைத்து, அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களுக்கு நிஜமாகவே பதில் எழுதினார்கள்.

ஐஐடி கான்பூரில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா, 1978-இல் தான் பார்த்துக்கொண்டிருந்த டெல்கோ நிறுவன வேலையில் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். அங்கேதான் அவருக்குச் சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் கிடைத்தன. வால்வு டியூபைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, இரண்டு பக்கமும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு ஆயிற்று. மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்திப் பாருங்கள், அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் நின்றுவிடும். விழுப்புரம் சந்திப்பிலிருந்து ரயிலில் போகும் பிள்ளை, அடுத்த முறை இரும்புப் பாலத்தைக் கடக்கும்போது அதில் ஏன் அத்தனை முக்கோணம் என்று யாரும் சொல்லாமலே பார்க்கும். குப்தாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த யோசனை பிறந்த திட்டத்தையோ 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டிருந்தது. முப்பது ஆண்டுக்காலம் அரசுப் பள்ளிகளில் நடந்த ஒன்றை ஓர் உத்தரவு முடித்து வைத்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

தமிழ்நாட்டிலும் முயற்சிக்குக் குறைவில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தோன்றியது. 1987 முதல் 'துளிர்' இதழைப் பிள்ளைகளுக்காக நடத்துகிறது. 1993 முதல் நாடு முழுவதும் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் நம் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தையும் கிணற்றையும் குப்பையையும் ஆராய்ந்து கட்டுரை படிக்கிறார்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல், பிள்ளையைப் பெஞ்சிலிருந்து தரைக்கு இறக்கி, கற்றல் அட்டையைக் கையில் கொடுத்தது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட 'வானவில் மன்றம்' மூலம், 13,000-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களோடு வருகிறார்கள். இவை எல்லாவற்றையும் நான் மதிக்கிறேன். ஆனால் கருத்தாளர் வந்து போகும் நாளில் மட்டும் அறிவியல் நடந்தால், அது பிள்ளைக்குத் திருவிழா மாதிரி ஆகிவிடும். அவர் போன மறுநாள் அந்தச் சோதனையை இன்னொரு முறை, இன்னொரு விதமாகச் செய்து பார்க்க வழி இருக்க வேண்டும்.

அதற்குத் தடை பீரோவில் இருக்கிறது. மத்திய அரசின் அடல் ஆய்வகத் திட்டத்தில் தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. முப்பரிமாண அச்சுப் பொறி, சென்சார், ரோபோ உதிரிகள் எல்லாம் வருகின்றன. சாதாரணப் பள்ளியிலும் பீக்கரும் லென்சும் நுண்ணோக்கியும் இருக்கின்றன. வந்த பொருள்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறுகின்றன. தணிக்கைக்கு வருபவர் எண்ணிப் பார்ப்பார். ஒரு பீக்கர் உடைந்தால் யார் பதில் சொல்வது? ஆசிரியரின் பயம் நியாயமான பயம். அந்தப் பயத்தைப் போக்காமல் ஆசிரியரை ஆர்வமில்லாதவர் என்று திட்டுவது பாவம். ஆய்வகத்தில் பொருள் உடைவது பாடத்தின் ஒரு பகுதி. ஆண்டுக்கு இவ்வளவு உடையலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்து, பள்ளி மேலாண்மைக் குழுவே அதில் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே வந்திருக்கும் பெற்றோர்களில் மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் இருப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பூட்டிய பீரோவில் முழுசாக இருக்கும் 20 பீக்கரைவிட, பிள்ளைகள் கையில் பட்டு மிஞ்சிய 12 பீக்கர் அந்தப் பள்ளிக்குப் பெருமை.

இனி, கைவேலையைப் புகழ்ந்து பேசும்போது நாம் தாண்டிவிடக் கூடாத இரண்டு விஷயங்கள்.

முதலாவது, இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் புதுச்சேரியில் நடந்தது. ஜான் வாரன் என்பவர் சென்னை வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்தவர். 1825-இல் சென்னையில் அச்சான 'கால சங்கலிதா' என்ற அவருடைய நூலில், புதுச்சேரியில் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதுகிறார். அந்த ஆண்டு மே கடைசி நாளில் வரவிருந்த சந்திர கிரகணத்தை அவர் தரையில் சோழிகளைப் பரப்பிக் கணக்கிட்டார். தாள் இல்லை, எழுதுகோல் இல்லை. தேவையான வாய்பாடுகள் எல்லாம் சொற்களாக நெஞ்சில் இருந்தன. சோழியை வைப்பதும் எடுப்பதுமாகவே கணக்கு முடிந்தது. கிரகணத்தின் தொடக்கம் 4 நிமிட வேறுபாட்டில் சரியாக வந்தது. முடிவு 52 நிமிடம் பிசகியது. எவ்வளவு பெரிய நினைவாற்றல், எவ்வளவு தேர்ந்த கை! ஆனால் அந்தக் கணக்கு ஏன் அப்படிப் போகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை என்கிறார் வாரன். ஆகவே, அந்த 52 நிமிடம் எந்தப் படியில் புகுந்தது என்று தேடும் வழி அவர் கையில் இல்லை.

இன்று பெட்டியில் வரும் ரோபோவைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கணிதர் நினைவுக்கு வருகிறார். முதல் படி, இரண்டாம் படி என்று தாளில் போட்டிருக்கிறது. பிள்ளை ஒயரைச் செருகுகிறது, தந்த நிரலைக் கணினியில் ஏற்றுகிறது, ரோபோ ஓடுகிறது. கை வேலை செய்தது உண்மைதான். ஒரு ஒயரை மாற்றிச் செருகினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியை யோசிக்கவே இடம் இல்லாதபடி பெட்டி தயாராகியிருக்கிறது. இதே மாவட்டத்தில், ஆரோவில்லைச் சேர்ந்த இடையன்சாவடி உதவிப் பள்ளியிலும் ஆலங்குப்பம் இசை அம்பலம் பள்ளியிலும் 'ஸ்டெம் லேண்ட்' என்ற பெயரில் இளம் பொறியாளர்கள் பிள்ளைகளோடு வேலை செய்கிறார்கள். என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பிள்ளைகளே திட்டமிட்டுக்கொள்கிறார்கள். கணினியில் விளையாட்டையும் வடிவங்களையும் தாங்களே நிரலாக எழுதுகிறார்கள். அவை சின்னப் பள்ளிகள். நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் அப்படியே செய்துவிட முடியாது. ஆனால் 'நான் என்ன செய்து பார்க்கப் போகிறேன்' என்று பிள்ளை தன் கைப்பட எழுதும் ஒரு வரியை எந்த வகுப்பிலும் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது விஷயம் கசப்பானது, ஆனால் தமிழ்நாட்டில் நின்று இதைச் சொல்லாமல் விட முடியாது. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் வழியாகக் கல்வி என்று முன்வைத்தபோது அதில் உழைப்புக்கு மரியாதை இருந்தது. ஆனால் 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்கலாம் என்று கொண்டுவந்த திட்டத்தைத் தமிழகம் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954-இல் காமராசர் வந்ததும் அது கைவிடப்பட்டது. சரியாகவே கைவிடப்பட்டது. என் மகன் பள்ளிக்கூடம் போவது என்னைப் போல மண் அள்ளாமல் இருக்கத்தான் என்று ஒரு தகப்பன் சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல தலைமுறை வலி இருக்கிறது. கைவேலை என்றதும் அவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அவருக்கு நான் சொல்வது இது. மரக்காணம் உப்பளத்தில் ஒரு அம்மா நாள் முழுவதும் வெயிலில் உப்பு வாருகிறார். அவருடைய மகளை மாலையில் கூட்டிப்போய் உப்பு வார வைத்தால் அது கல்வி ஆகாது, கூலியில்லாத வேலை. அந்த மகள் வகுப்பறையில் ஒரு லிட்டர் கடல்நீரை மூன்று தட்டுகளில் பிரித்து ஊற்றுகிறாள். ஒன்றை வெயிலில் வைக்கிறாள், ஒன்றை நிழலில், ஒன்றைக் காற்றடிக்கும் சன்னலில். எது முதலில் வற்றுகிறது என்று குறிக்கிறாள். மிஞ்சியதைத் தராசில் நிறுத்து, மொத்தம் 35 கிராமுக்குப் பக்கத்தில் வருவதைப் பார்க்கிறாள். ஒரு டன் உப்புக்கு எத்தனை லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும் என்று கணக்குப் போடுகிறாள். வீட்டுக்குப் போய், "அம்மா, பாத்தியில் எப்போது தண்ணியைக் கட்டுவீங்க, எப்போது நிறுத்துவீங்க, எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்கிறாள். அந்த அம்மாவுக்குத் தெரிந்தவை முதன்முறையாக ஒரு நோட்டில் ஏறுகின்றன. மகள் அந்தப் பாத்தியில் வேலைக்கு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேதியியல் படிக்கப் போகலாம். செய்து கற்றல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கெட்டிக்காரனுக்குப் புத்தகம், மற்றவனுக்குக் கைத்தொழில் என்று பிரிந்த அன்றைக்கே அது பழைய பள்ளத்தில் விழுந்துவிடும்.

கடைசியாக, இந்த ஊரில் நீங்கள் செய்யக்கூடிய ஒன்றை விளக்கமாகச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். வேண்டியது ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பு, சாக்பீஸ், கல் கட்டிய நூல், தொலைபேசி.

திருவாமாத்தூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை நண்பகலில் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். ஏப்ரல் 21-ஐ ஒட்டி ஒரு முறை. அது தேர்வுக் காலம். ஆகஸ்ட் 21-ஐ ஒட்டி மறுமுறை. அப்போது பள்ளி நடக்கும். அன்று 12.15 மணியை ஒட்டி, செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. கம்பு செங்குத்தாக இருக்கிறதா என்று கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பதினொன்றே முக்கால் மணியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள்.

அதே நாளில் கன்னியாகுமரியில் ஒரு பள்ளி இதே வேலையைச் செய்ய வேண்டும். அங்கே யாராவது ஆசிரியர் உங்களுக்குப் பழக்கமாக இருப்பார், இல்லையென்றால் பழகிக்கொள்ளலாம். அங்கே அன்று நிழல் மறையாது. மிகக் குறுகிய நிழலே சுமார் 6.8 செ.மீ. இருக்கும், தெற்கு நோக்கி விழும். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவு 628 செ.மீ.; 6.8 என்பது அதில் ஏறத்தாழ 92-இல் ஒரு பங்கு. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இந்த ஊருக்கும் கன்னியாகுமரிக்கும் தெற்கு வடக்காக உள்ள தொலைவு சுமார் 430 கி.மீ. அதை 92 மடங்காக்கினால் பூமியின் சுற்றளவு: 39,560 கி.மீ. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் கையாண்ட வழி இதுதான். முக்கோணவியல்கூட வேண்டாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தலும் பெருக்கலும் போதும்.

ஆனால் எல்லோருக்கும் 6.8 வராது. நிழலின் நுனி கத்தியால் வெட்டியது போல இருக்காது. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கலங்கலாக இருக்கும். ஒரு பையன் கலங்கலின் உள்பக்கத்தைப் பார்த்து 6.3 என்பான், ஒரு பெண் வெளிப்பக்கத்தைப் பார்த்து 7.3 என்பாள். ஒருவருக்குப் பூமியின் சுற்றளவு 43,000 கி.மீ. ஆகிவிடும், இன்னொருவருக்கு 37,000. இரண்டையும் கரும்பலகையில் எழுதுங்கள். தயவுசெய்து 40,000 என்று திருத்திவிடாதீர்கள். நுனி ஏன் கலங்குகிறது என்று கேளுங்கள். சூரியன் ஒரு புள்ளியாக இருந்திருந்தால் நுனி கூர்மையாக இருந்திருக்கும். அது வானில் அரைப் பாகை அகலத்துக்கு ஒரு வட்டமாக இருப்பதால், அதன் ஒரு விளிம்பு மறைந்த இடத்தில் மறு விளிம்பின் வெளிச்சம் விழுகிறது. பூமியை அளக்கப் போன பிள்ளை, தன் அளவில் இருந்த குறையைப் பிடித்துக்கொண்டு சூரியனின் தோற்ற அளவைக் கண்டுபிடித்துவிடும். ரெக்கார்டு நோட்டில் அந்த 6.3-உம் 7.3-உம் அப்படியே இருக்கட்டும். ஆசிரியர் அவற்றின் கீழேயே கையெழுத்துப் போடட்டும்.

ஆகஸ்ட் மாதம், மேகம் மறைக்கலாம். அதனால் முதல் நாளும் மறுநாளும்கூடச் செய்து வையுங்கள். சூரியன் அந்த நாட்களில் தினமும் மூன்றில் ஒரு பாகை தெற்கே நகர்ந்துகொண்டிருக்கும். ஆகவே இங்கேயும் கம்புக்கு அரை சென்டிமீட்டர் அளவில் ஒரு சிறு நிழல் இருக்கும். முதல் நாள் என்றால் அது தெற்கே விழும், மறுநாள் என்றால் வடக்கே விழும். கன்னியாகுமரி நிழலோடு அதைக் கூட்டுவதா, கழிப்பதா? படம் வரைந்து பார்த்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்லட்டும். விடையோடு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், பதில் எழுதுகிறேன்.